பச்சை மனிதன் எங்கிருந்து வந்தான்?

சிவகாசி வட்டாரத்துப் பட்டாசுத் தொழிலில் 'பச்சை உப்பு' என்று ஒரு பொருள் உண்டு. பெயரைக் கேட்டுப் பச்சை நிறப் பொடியை எதிர்பார்ப்பவர் ஏமாந்து போவார். அது வெள்ளை நிறமானது. வேதியியலார் அதனைப் பேரியம் நைட்ரேட் என்பர். தக்க துணைப்பொருள்களுடன் சேர்த்து எரித்தால் அது பச்சை ஒளி தருகிறது. எரியும்போது காட்டிய நிறத்தைக் கண்டே தொழிலாளர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். முதலில் காட்சி, பிறகு பெயர்.

இதற்கு நேர்மாறாகப் பிறந்த பெயர் ஒன்றும் உலகில் உலவுகிறது. வேற்றுலகங்களில் வாழ்வதாகக் கற்பனை செய்யப்படும் உயிர்களை ஆங்கிலம் பேசும் மக்கள் வேடிக்கையாகக் 'குட்டிப் பச்சை மனிதர்கள்' என்று அழைப்பது வழக்கம். கேலிச் சித்திரங்களிலும் பொம்மைகளிலும் திரைப்படங்களிலும் இந்தப் பச்சை மனிதனைக் காணலாம். வேற்றுலக உயிர் ஒன்றை எவரேனும் கண்டார் என்பதற்கு இன்றுவரை ஏற்கத்தக்க சான்று ஏதும் இல்லை. ஆயினும் அவன் குள்ளமானவன் என்றும், பச்சை நிறத்தவன் என்றும் பேச்சுவழக்கு முடிவு கட்டிவிட்டது. காணாத ஒருவனுக்கு உயரமும் நிறமும் எப்படிக் கிடைத்தன? எத்தனையோ நிறங்கள் இருக்கப் பச்சையைத் தேர்ந்தெடுத்தது ஏன்? இந்தக் கேள்விகளைத் தொடர்ந்து சென்றால் சொல் ஒன்றின் வரலாற்றோடு ஒளியின் அறிவியலும் நமக்குக் கிடைக்கும்.

பச்சைப் பிள்ளைகள்

இங்கிலாந்து நாட்டின் கிழக்கே சஃபக் என்னும் பகுதியில் வுல்பிட் என்ற சிற்றூர் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் அவ்வூர் வயல்வெளியில் ஓர் ஆண் பிள்ளையும் ஒரு பெண் பிள்ளையும் தென்பட்டதாக அக்காலத்து வரலாற்று ஆசிரியர்கள் இருவர் எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பிள்ளைகளின் தோல் பச்சையாக இருந்ததாம். அவர்கள் பேசியது யாருக்கும் புரியவில்லை. மொச்சை போன்ற ஒருவகைப் பயற்றைப் பச்சையாகத் தின்பதைத் தவிர வேறு உணவைத் தொட மறுத்தார்களாம். பையன் சில காலத்தில் இறந்துபோனான். பெண் மட்டும் ஊராரின் உணவுக்குப் பழகிப் பச்சை நிறம் நீங்கி வளர்ந்தாள் என்று கதை முடிகிறது.

இக்கதையில் எவ்வளவு உண்மை என்று இன்று அளந்து சொல்ல முடியாது. சத்துக் குறைவால் உண்டாகும் இரத்தசோகையில் தோல் வெளிறிப் பசுமை சாயல் பெறுவதுண்டு என்பதைச் சிலர் எடுத்துக்காட்டுவர். நமக்கு வேண்டிய செய்தி வேறு. 1621-ஆம் ஆண்டில் ராபர்ட் பர்ட்டன் என்ற ஆங்கில அறிஞர், பிற கோள்களில் உயிர்கள் இருக்கக்கூடுமா என்று ஆராயும் இடத்தில் இந்தப் பச்சைப் பிள்ளைகளையும் குறிப்பிட்டு, அவர்கள் வானிலிருந்து விழுந்தவர்களாக இருக்கலாம் என்ற பொருளில் எழுதினார். ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில் காட்டுக்குள் வாழும் குட்டித் தேவதைகளுக்கும் பச்சை உடையும் பச்சை மேனியும் உண்டு. குள்ளமும் பச்சையும் அந்தக் காட்டில் ஏற்கெனவே இருந்தன. அவற்றை வானத்துக்கு ஏற்றும் வேலைதான் மிச்சம்.

செவ்வாயில் கால்வாய்

அந்த வேலையைச் செய்து முடித்தது செவ்வாய்க் கோள். 1877-ல் செவ்வாய் பூமிக்கு அருகில் வந்தபோது இத்தாலிய வானியலார் ஸ்கியாபரெல்லி தொலைநோக்கி வழியே அதன் பரப்பில் மெல்லிய கோடுகளைக் கண்டதாக அறிவித்தார். இத்தாலிய மொழியில் அவர் பயன்படுத்திய சொல், இயற்கையான நீர்த்தடத்தையும் குறிக்கும், வெட்டிய கால்வாயையும் குறிக்கும். ஆங்கிலத்தில் அது 'கால்வாய்' என்றே பெயர்ந்தது. கால்வாய் என்றால் வெட்டியவர் யார் என்ற கேள்வி தானே எழும் அல்லவா? அமெரிக்கச் செல்வரான பெர்சிவல் லோவல் 1894-ல் அரிசோனா மாநிலத்தில் ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவி, வறண்டுவரும் கோளில் நீர்ப்பாசனம் செய்யும் அறிவுள்ள உயிர்களைப் பற்றி நூல்கள் எழுதினார்.

செவ்வாயின் கருந்திட்டுகள் தொலைநோக்கியில் பசுமையாகத் தோன்றின. அவை பயிர் பச்சைகள் என்று பலர் நம்பினர். உண்மையில் அது கண் செய்யும் மாயம். காவி நிறப் பரப்பின் நடுவே சாம்பல் நிறத் திட்டு ஒன்றை வைத்தால் நம் கண்ணுக்கு அது பச்சை கலந்ததாகப் படும். காவித்தாள் மீது சாம்பல் நிறத் துணுக்கை ஒட்டிப் பார்த்து மாணவர்கள் இதனைச் சோதித்துக்கொள்ளலாம். 1965 ஜூலையில் மாரினர்–4 விண்கலம் செவ்வாயை நெருங்கிப் பறந்து படங்கள் அனுப்பியபோது கால்வாயும் இல்லை, பயிரும் இல்லை. நிலவில் உள்ளவை போன்ற பெருங்குழிகளே அவற்றில் இருந்தன.

ஆனால் அதற்குள் எழுத்தாளர்கள் தங்கள் வேலையை முடித்திருந்தார்கள். பழைய நாளேடுகளைத் துருவித் தேடிய கிறிஸ் ஆபெக் என்ற ஆய்வாளர், 1899-ல் அட்லாண்டா நகர் நாளேடு ஒன்றில் வேற்றுலகப் பச்சைச் சிறுவனைப் பற்றிய கதை வந்திருப்பதைக் கண்டார். 1908-ல் மெயின் மாநில நாளேடு ஒன்றில் செவ்வாய்வாசியைக் 'குட்டிப் பச்சை மனிதன்' என்று குறிக்கும் தொடரையும் கண்டெடுத்தார். 1912-ல் எட்கர் ரைஸ் பரோஸ் தொடர்கதையாக எழுதிய செவ்வாய் நாவலில் பச்சை மனிதர்கள் கூட்டங்கூட்டமாக வருகிறார்கள். ஆனால் அவர்கள் குட்டையானவர்கள் அல்லர். நான்கு கைகள் கொண்ட நெடிய உருவத்தினர். ஆக, பச்சை நிலைத்துவிட்டது. உயரந்தான் இன்னும் நிலைபெறவில்லை.

தட்டு என்ற சொல்

1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னால்ட் என்ற விமானி அமெரிக்காவின் ரெய்னியர் மலைப் பகுதியில் பறந்துகொண்டிருந்தபோது, ஒளிரும் பொருள்கள் ஒன்பது வரிசையாக விரைவதைக் கண்டதாகக் கூறினார். தண்ணீர்ப் பரப்பில் வீசிய தட்டு துள்ளித் துள்ளிச் செல்வதைப்போல அவை பறந்தன என்பது அவர் தந்த விளக்கம். நம் ஊர்ப் பிள்ளைகள் கண்மாயில் ஓட்டாஞ்சில்லை எறிந்து விளையாடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தட்டு என்றது பறந்த விதத்தைத்தான், வடிவத்தை அன்று. செய்தியாளர்களோ 'பறக்கும் தட்டு' என்று பெயரிட்டுவிட்டார்கள். அடுத்த சில வாரங்களில் அமெரிக்கா முழுவதும் மக்கள் கண்டதாகச் சொன்னவை வட்டமான தட்டுகளே! பெயர் முன்னே நடந்தது; கண்கள் பின்னே சென்றன.

தட்டு வந்தபின் அதனை ஓட்டிவர ஆள் வேண்டாமா? 1955 ஆகஸ்டு 21 இரவு கென்டக்கி மாநிலத்தில் கெல்லி என்னும் சிற்றூர்ப் பண்ணை வீடு ஒன்றைக் குட்டி உருவங்கள் சூழ்ந்துகொண்டதாகவும், வீட்டார் துப்பாக்கியால் சுட்டதாகவும் செய்தி பரவியது. ஏறக்குறைய மூன்றடி உயரம், பெரிய காது, ஒளிரும் கண்கள் என்று கண்டவர்கள் விவரித்தார்கள். நிறம் வெள்ளியைப் போன்றது என்றார்கள். அவர்கள் சொல்லாத பச்சை நிறத்தை நாளேடுகள் சேர்த்தன. 'குட்டிப் பச்சை மனிதர்கள்' என்ற தலைப்பு நாடெங்கும் பரவ இந்நிகழ்ச்சி பெரிதும் உதவியது. பின்னாளில் ஆராய்ந்தவர்கள், அந்த உயரத்தையும் கண்களையும் காதையும் வைத்துப் பார்க்கையில் அவை கொம்பு ஆந்தைகளாக இருந்திருக்கக்கூடும் என்று கருதினர்.

தமிழிலும் 'பறக்கும் தட்டு' என்ற சொல் அப்படியே வந்து சேர்ந்தது. 1963-ல் எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்து, காசிலிங்கம் இயக்கி வெளிவந்த 'கலை அரசி' படத்தில், இசை வளராத ஒரு கோளிலிருந்து இசை தெரிந்தவரைத் தேடிப் பூமிக்கு ஆள் வருகிறான். கறுப்பு வெள்ளைப் படமாதலால் அங்கே பச்சைக்கு இடமில்லை. பேச்சுத் தமிழில் இன்று 'ஏலியன்' என்கிறோம். 2024-ல் வந்த படமொன்றின் பெயர் 'அயலான்'. அயலான் என்பது அடுத்த வீட்டுக்காரனையும் முன்பின் தெரியாதவனையும் குறிக்கும் பழஞ்சொல். அது நிறம், உயரம் எதையும் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாததாகவே விடும் நல்ல சொல் அது.

அறிவியலார் வைத்த கேலிப்பெயர்

பச்சை மனிதன் அறிவியல் ஆய்வுக்கூடத்திற்குள் நுழைந்த கதையும் உண்டு. 1967-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆன்டனி ஹியூயிஷ் என்னும் பேராசிரியரின் வழிகாட்டலில் ஜோஸ்லின் பெல் என்ற மாணவி வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவி நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் நீளக் காகிதச் சுருளில் கோடு வரைந்து தள்ளும். அவற்றைக் கண்ணால் பார்த்தே ஆராய வேண்டும். ஆகஸ்டு மாதச் சுருள் ஒன்றில் அரை அங்குலத்துக்கும் குறைவான இடத்தில் ஒரு கிறுக்கல் இருந்தது. விண்மீன் ஒளிர்வது போலவும் இல்லை. பூமியில் உண்டாகும் இரைச்சல் போலவும் இல்லை.

நவம்பர் இறுதியில் சுருளை வேகமாக ஓடவிட்டுப் பதிவு செய்தபோது, 1.337 நொடிக்கு ஒருமுறை துடிப்புகள் கடிகாரம் தவறாமல் வந்தன. இயற்கையில் இவ்வளவு ஒழுங்கான துடிப்பை அதுவரை எவரும் கண்டதில்லை. செயற்கையோ என்ற ஐயம் எழுந்தது. அந்த மூலத்திற்கு எல்.ஜி.எம்.–1 என்று பெயரிட்டார்கள். 'குட்டிப் பச்சை மனிதர்கள்' என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அவை. பெயர் பாதி வேடிக்கை. ஆய்வு முழுக்க வேடிக்கையற்றது.

அவர்கள் வரிசையாகக் கேள்வி கேட்டார்கள். இது பூமியிலிருந்து வருகிறதா? அப்படியானால் மனிதர் கடிகாரத்தின்படி 24 மணிக்கு ஒருமுறை வரவேண்டும். இதுவோ ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய நான்கு நிமிடம் முன்னதாக வந்தது. விண்மீன்கள் அப்படித்தான் உதிக்கின்றன. ஆகவே மூலம் வானத்தில் இருக்கிறது. அடுத்த கேள்வி: அங்கே யாரேனும் ஒரு கோளில் இருந்துகொண்டு அனுப்புகிறார்களா? கோள் தன் சூரியனைச் சுற்றவேண்டும். நம்மை நெருங்கும்போது துடிப்புகளின் இடைவெளி சற்றுச் சுருங்கும், விலகும்போது சற்று நீளும். அளந்து பார்த்ததில் நம் பூமி சுற்றுவதால் உண்டாகும் மாறுதல் மட்டுமே தெரிந்தது. அங்கே கோள் சுற்றுவதற்கான அடையாளம் இல்லை. டிசம்பரில் வானத்தின் வேறொரு திசையில் இரண்டாவது துடிப்பு மூலத்தைப் பெல் கண்டுபிடித்தார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு இடங்களிலிருந்து இரு கூட்டத்தார் ஒரே நேரத்தில் ஒரே பூமியை நோக்கிச் சைகை காட்டுவார்களா? பச்சை மனிதன் அன்றோடு விடைபெற்றான்.

1968 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளிவந்தது. அவை மிக வேகமாகத் தற்சுழற்சி செய்யும் நியூட்ரான் விண்மீன்கள் என்பது விரைவில் தெளிவாயிற்று. சூரியனைவிட மிகுந்த பொருள், சுமார் 20 கி.மீ. குறுக்களவுக்குள் அடைபட்டுக் கிடக்கும் விண்மீன் அது. இவற்றுக்குத் துடிப்பு விண்மீன்கள் என்று பெயர். நம் உதகமண்டலத்தில் முத்தோரை என்னும் இடத்தில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவாகி 1970-ல் செயல்படத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கியும் இவற்றை ஆராய்ந்துள்ளது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள அந்தக் கருவி, மலைச்சரிவின் சாய்வையே பயன்படுத்திப் பூமியின் அச்சுக்கு இணையாக அமைக்கப்பட்டது.

ஒளி சொல்லும் சாட்சி

ரேடியோ அலையும் ஒளியும் ஒரே இனத்தவை, அலைநீளத்தில்தான் வேறுபாடு. ஆகவே கேம்பிரிட்ஜில் நடந்த விசாரணையைப் பச்சை ஒளியிடமும் நடத்தலாம். வானில் பச்சை வெளிச்சம் ஒன்று தெரிந்தால், 'யார் வந்தார்?' என்று கேட்பதற்குமுன் 'எந்தப் பொருள் எரிகிறது?' என்று கேட்க வேண்டும். அதற்கான விடை சிவகாசியில் கிடைக்கும்.

அணுவும் மூலக்கூறும் வெப்பத்தால் ஆற்றல் பெற்றால், அந்த ஆற்றலை ஒளியாகத் திருப்பித் தருகின்றன. எந்த அலைநீளத்தில் தரவேண்டும் என்பது ஒவ்வொன்றுக்கும் இயற்கை விதித்த கணக்கு. மத்தாப்பில் சிவப்பு வந்தால் அது ஸ்ட்ரான்ஷியம், மஞ்சள் என்றால் சோடியம், நீலம் என்றால் செம்பு. பச்சை பேரியத்தின் வேலை. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பேரியம் மட்டும் இருந்தால் நல்ல பச்சை கிடைத்துவிடாது. கலவையில் குளோரின் தரும் பொருளும் வேண்டும். சுடரின் வெப்பத்தில் பேரியமும் குளோரினும் சேர்ந்து பேரியம் மோனோகுளோரைடு என்னும் நிலையற்ற மூலக்கூறு உண்டாகிறது. சுமார் 505 முதல் 535 நானோமீட்டர் வரையுள்ள பச்சை ஒளியை உமிழ்வது அதுவே. வெப்பம் மிகுந்துவிட்டால் மூலக்கூறு சிதைந்து நிறம் வெளிறும். கம்பி மத்தாப்பிலும் பேரியம் நைட்ரேட் பெருமளவில் பயன்பட்டு வந்தது. அங்கே அதன் பணி, அலுமினியத்தூளும் இரும்புத்தூளும் எரிவதற்கு ஆக்சிஜன் கொடுப்பது. அதனால் பச்சை உப்பு இருந்தும் அங்கே பொறிகள் வெள்ளையாகவும் பொன்னாகவும் சிதறுகின்றன.

எரிகற்கள் சில பச்சையாக ஒளிர்வதற்கும் இத்தகைய காரணமே. அவற்றிலுள்ள மக்னீசியமும் நிக்கலும் சூடேறிப் பச்சை ஒளி உமிழ்கின்றன. 1948 இறுதியில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநில வானில் பச்சை நெருப்புக் கோளங்கள் அடுத்தடுத்துத் தெரிந்தபோது, லிங்கன் லாபாஸ் என்ற எரிகல் அறிஞரே அவை வழக்கமான எரிகற்கள்போல் இல்லையே என்று குழம்பினார். பச்சை மனிதனைப் பற்றிய பேச்சுக்கு அதுவும் எண்ணெய் வார்த்தது.

தும்பாவில் எழுந்த வண்ண மேகம்

வானில் வேண்டுமென்றே வண்ணம் தீட்டும் ஆய்வுகளும் உண்டு. 1963 நவம்பர் 21 மாலை திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து ஏவப்பட்ட நைக்–அப்பாச்சி ராக்கெட், மேல் வளிமண்டலத்தில் சோடிய ஆவியைத் தூவியது. கீழே பொழுது சாய்ந்துவிட்டது. மேலே வெயில் இருந்தது. அந்த வெயிலில் சோடிய மேகம் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. மேகம் நகர்வதைப் படமெடுத்து அந்த உயரத்தில் காற்று எப்படி வீசுகிறது என்று கணக்கிட்டனர். நூறு கிலோமீட்டருக்கு மேலான உயரத்தில் நிகழ்வதால் இத்தகைய மேகத்தை நெடுந்தொலைவிலிருந்தும் காணலாம். விருதுநகர் வட்டாரம் தும்பாவிலிருந்து நேர்கோட்டில் 200 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது.

பின்னர் தும்பாவிலிருந்து பேரியம் ஆவியும் தூவப்பட்டது. அதன் காட்சி இன்னும் விந்தையானது. பேரியம் அணுக்கள் வெயிலில் முதலில் பச்சையாக ஒளிரும். சிறிது நேரத்தில் சூரியனின் புற ஊதாக் கதிர் அவற்றில் பலவற்றிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிவிடும். மின்னூட்டம் பெற்ற பேரியம் ஊதா நிறத்தில் ஒளிரும். பச்சை மேகம் காற்றோடு போகும். ஊதா மேகமோ பூமியின் காந்தக் கோடுகளோடு நீளும். ஒரே இடத்தில் பிறந்த மேகம் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு திசையில் செல்வதைக் கண்ணாலேயே காணலாம்! தும்பா காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதே இத்தகைய ஆய்வுகளுக்கு அது ஏற்ற இடமானதற்குக் காரணம்.

2017 ஜூன் 29 அன்று அமெரிக்காவின் வாலப்ஸ் தீவிலிருந்து இதே முறையில் ஒரு ராக்கெட் ஏவப்பட்டது. அதன் குப்பிகளில் இருந்த பொருள்கள் பேரியம், ஸ்ட்ரான்ஷியம், செம்பு ஆக்சைடு. சிவகாசித் தொழிலாளிக்கு இந்தப் பட்டியலில் புதியது ஒன்றும் இல்லை. முன்னறிவிப்பைப் பாராதவர்களுக்கோ அது நீலப்பச்சையும் சிவப்புமான மர்மம்.

அறிவியலார் கண்ட பச்சை அயலான்

பெயருக்கு மயங்குவது பாமரர் வழக்கம் என்று எண்ணிவிடக்கூடாது. 1868 ஆகஸ்டு 18 அன்று முழுச் சூரிய கிரகணத்தைக் காணக் குண்டூர், மசூலிப்பட்டினம் பகுதிகளில் அறிஞர்கள் கூடினர். அவ்வாண்டு ஆய்வுகளில் சூரிய ஒளியின் நிறமாலையில் இனந்தெரியாத மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது. அது புதுத் தனிமம் என்று கருதி ஹீலியம் எனப் பெயரிட்டனர். 1895-ல் ராம்சே அதனைப் பூமியிலேயே கண்டுபிடித்தார். ஊகம் மெய்யாயிற்று.

மறு ஆண்டு, 1869 கிரகணத்தில், சூரியனின் ஒளிமகுடத்தில் 530.3 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. பூமியில் எந்தப் பொருளும் அப்படி ஒளிரவில்லை. இதற்கும் புதுத் தனிமம் என்று கருதிக் 'கரோனியம்' எனப் பெயரிட்டனர். ஏறக்குறைய 70 ஆண்டுகள் அறிஞர்கள் அதைத் தேடினர். கடைசியில் குரோட்ரியான், எட்லன் என்ற இருவரின் ஆய்வால் உண்மை வெளிப்பட்டது. கரோனியம் என்று ஒன்றுமில்லை. அது நம் பழைய இரும்பு! 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு. அப்படி இழக்க வேண்டுமானால் அங்கே வெப்பநிலை சுமார் 20 லட்சம் டிகிரி இருக்க வேண்டும். சூரியனின் மேற்பரப்பிலோ ஏறத்தாழ 5,500 டிகிரிதான். புதுத் தனிமம் பொய்யானாலும் அதைவிடப் பெரிய புதிர் ஒன்று கிடைத்தது. 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட இந்தியாவின் ஆதித்யா எல்–1 விண்கலத்தின் ஒளிமகுடக் கருவி, அதே பச்சைக் கோட்டையும் ஆராயுமாறு அமைக்கப்பட்டுள்ளது.

ஹீலியத்தையும் கரோனியத்தையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டும் அயலான்களாகவே வந்தன. ஒன்று மெய்யாகவே புதியது; மற்றொன்று மாறுவேடம் பூண்ட பழையது. பெயரைக் கொண்டு எது எது என்று சொல்ல முடியவில்லை. சோதித்த பிறகே தெரிந்தது. ஆகவே கண்டதையெல்லாம் நம்புவதும் தவறு. கேட்டதையெல்லாம் நகைத்து ஒதுக்குவதும் தவறு.

பசுமையும் பச்சையும்

பெயருக்கும் பொருளுக்கும் உள்ள இந்த வேறுபாடு பட்டாசுத் தொழிலாளர் வாழ்விலும் குறுக்கிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், காற்று மாசைக் கருதிப் பட்டாசுகளில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. சரவெடிகளுக்கும் தடை வந்தது. மாசு குறைந்த 'பசுமைப் பட்டாசு'களுக்கு மட்டும் வழிவிட்டது. நீரில் கரையும் பேரியம் உப்புகள் நச்சுத்தன்மை உடையவை என்பது உண்மையே. எக்ஸ்–கதிர்ப் படம் எடுக்கையில் நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கும் பேரியம் சல்பேட் கரையாதது. ஆகவே அது தீங்கு செய்வதில்லை. ஒரே தனிமம், இரண்டு குணம்.

இதில் ஒரு விந்தையைக் கவனியுங்கள். பசுமைப் பட்டாசு என்றால் பச்சையாக எரிவது என்று பொருளன்று. பச்சையாக எரியச் செய்யும் உப்பே அதில் விலக்கப்பட்டது! நிறத்தைக் குறித்த சொல் ஒன்று, சூழலைக் குறித்த சொல் மற்றொன்று. இந்த இரண்டுக்கும் இடையில் சிக்கியவர்கள் தொழிலாளர்கள். 2018 இறுதியில் சிவகாசிப் பகுதி ஆலைகள் சில மாதங்கள் மூடப்பட்டன; கூலி நின்றது. 2021-லும் 2023-லும் நீதிமன்றம் பேரியத் தடையை உறுதிசெய்தது. பேரியத்துக்குப் பதிலாக எந்த ஆக்சிஜன் தரும் உப்பு, எந்த அளவில், எவ்வளவு புகையோடு எரியும் என்பவை ஆய்வுக்கூடத்தில் அளந்து காணவேண்டிய செய்திகள். 'பசுமை' என்று பெட்டியில் அச்சிடுவதால் ஒரு பட்டாசு பசுமையாகிவிடாது. உள்ளிருக்கும் பொருளும் வெளிவரும் புகையும் அளக்கப்பட வேண்டும். வெடி மருந்தைக் கையாளும் தொழிலாளியின் நுரையீரலுக்கும் கூலிக்கும் அந்த அளவீடே பாதுகாப்பு.

நீங்களே பார்க்கலாம்

நிறமாலையைக் காணப் பெரிய கருவி தேவையில்லை. பழைய குறுந்தகட்டின் பளபளப்பான பக்கத்தைச் சாய்த்துப் பிடித்து விளக்கொளியின் பிரதிபலிப்பைப் பாருங்கள். இழை விளக்கு என்றால் நிறங்கள் ஒன்றோடொன்று இழைந்து தொடர்ச்சியாகத் தெரியும். குழல் விளக்கு என்றால் இடையிடையே நிறங்கள் தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும். அவற்றுள் பளிச்சென்று தெரியும் பச்சை, விளக்கினுள் இருக்கும் பாதரசத்தின் கையெழுத்து. சூரியனை மட்டும் நேராகவோ தகட்டிலோ ஒருபோதும் பார்க்கக்கூடாது. பட்டாசு மருந்துகளை வீட்டில் கலந்து பார்ப்பதும் கூடவே கூடாது. உராய்வும் நிலைமின்சாரமும் போதும், அவை தீப்பற்றிவிடும்.

இரவு வானில் இனந்தெரியாத வெளிச்சம் தென்பட்டால் பின்வருவனவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

1. நேரம் என்ன? எத்தனை நொடி நீடித்தது? எரிகல் சில நொடியில் மறையும். வெள்ளிக்கோள் மணிக்கணக்கில் நிற்கும்.

2. எந்தத் திசை, எவ்வளவு உயரம்? கையை நீட்டி முஷ்டியை உயர்த்தினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி என்று எண்ணுங்கள்.

3. நிறம் மாறியதா? எந்த வரிசையில் மாறியது?

4. சத்தம் கேட்டதா? வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையே மூன்று நொடி என்றால் தொலைவு சுமார் ஒரு கிலோமீட்டர். சிவகாசிப் பக்கம் வாண வெடிக்கு இதனைச் சோதித்துப் பழகலாம்.

5. வேறோர் ஊரிலிருந்து பார்த்தவர் இருக்கிறாரா? இருவர் சொல்லும் திசைகளும் தெரிந்தால் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு அதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். வேற்றுலகில் உயிர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தேடல் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு நாள் அப்படி ஒரு செய்தி மெய்யாகவே வருமானால், அது எந்த நிறத்தில், எந்த உருவில் வரும் என்று நமக்குத் தெரியாது. அதை அடையாளம் கண்டுகொள்ளப் போகிறவர், கேம்பிரிட்ஜ் மாணவியைப் போல, காகிதச் சுருளில் பொருந்தாத ஒரு சிறு கிறுக்கலைக் கவனித்து, அதற்குச் சரியான கேள்விகளைக் கேட்பவராகவே இருப்பார். அவர் விருதுநகர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் இன்று படித்துக்கொண்டிருக்கவும் கூடும்.